எகிப்துக்குக் கீழே இருந்த மண்

போன வாரம் நம் குரூப்பில் ஒரு பழைய படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். நம் வகுப்பு லீடர், இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் லீடர்தான், ஏதோ டிரங்குப் பெட்டியைக் குடைந்து எடுத்துப் போட்டிருந்தார். எட்டாம் வகுப்பில் நடந்த பள்ளிக்கூடக் கண்காட்சி. ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் பக்கத்தில் ரெட்டைப் பின்னலோடு நான், எதிரே குனிந்து பார்க்கிற வெள்ளைக்கார இன்ஜினியர், அவருக்குப் பின்னால் ஹிஸ்டரி மிஸ். ஆளாளுக்குக் கை தட்டும் பொம்மை போட்டீர்கள். "அந்த வயசிலேயே என்னா மூளை!" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்புறம் ஒருவர் கேட்டார், "இடது ஓரத்துல டார்ச் பிடிச்சிருக்கிறது யார் கை? விரலெல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கே?" இன்னொருவர், "பியூனா இருக்கும்" என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மை போட்டார். அதோடு பேச்சு யாருடைய சர்க்கரை அளவுக்கோ தாவிவிட்டது.

அது யார் கை என்று எனக்குத் தெரியும். நாலு நாளாக டைப் செய்து டைப் செய்து அழித்தேன். இரண்டு வரியில் சொல்ல வரவில்லை. வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம், பையன் இருப்பது வேறு நாட்டில், ஏழாவது மாடியில் என்னோடு பேச பிரிட்ஜ் சத்தம் ஒன்றுதான். எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. உங்களுக்கும் ரிடையர் ஆன பிறகு என்ன வெட்டி முறிக்கிற வேலை? உட்கார்ந்து படியுங்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அம்மா ஊருக்குப் போனாள். தாத்தாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவள் தை கடைசியில்தான் வந்தாள். குவார்ட்டர்ஸில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா நிலக்கரி மைன்ஸில் மேல்மண் எடுக்கும் பெரிய மிஷினில் ஆப்பரேட்டர். நைட் ஷிப்ட் வாரம் வந்தால் பகலெல்லாம் தூங்குவார். ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி வீட்டை இருட்டாக்கியிருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே கொலுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போவேன். பாத்திரத்தை ஓசைப்படாமல் திறந்து ஆறின சோற்றைத் தின்பேன். "கொடியில போட்ட துணில பவர் ஹவுஸ் சாம்பல் படியும், உதறி மடிக்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் புடவை ஒன்று கொடியிலேயே இருந்தது. அதைத் தினமும் உதறி மறுபடி அங்கேயே போடுவேன். எனக்கு அழ வேண்டும் போல இருக்கும், சத்தம் வருமே என்று அழமாட்டேன்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. உங்களில் யாருக்கும் அவளை ஞாபகம் இருக்காது. முதல் பருவத்துக்கு நடுவில் வந்து சேர்ந்தவள். அவள் ஊர் கம்மாபுரம் பக்கம். மைன்ஸ் நகர்ந்து நகர்ந்து போனதில் அந்த ஊரைக் காலி செய்தார்கள். நிலம் போனதற்கு அவள் அப்பாவுக்கு மைன்ஸிலேயே ஹெல்பர் வேலை கிடைத்தது, பெர்மனென்ட். அதனால் அவளுக்கு நம் பள்ளிக்கூடத்தில் இடம். மந்தாரக்குப்பத்தில் ஒரே அறை வாடகை வீட்டில் இருந்தார்கள். அவள் அம்மா முத்தாண்டிக்குப்பம் பக்கமிருந்து வறுத்த முந்திரிக்கொட்டை வாங்கி வந்து வீட்டில் உடைத்துக் கொடுப்பார். இவளும் கூட உட்கார்ந்து உடைப்பாள். கொட்டையின் தோலில் ஒரு பால் உண்டு, பட்டால் தோலைச் சுட்டுக் கருப்பாக்கிவிடும். சோப்பு போட்டாலும் போகாது. தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் உண்டு, அதற்குள் அடுத்த மூட்டை வந்துவிடும்.

ஹிஸ்டரி மிஸ்ஸுக்கு அது தெரியாது. "கையைக் கழுவிட்டு வா" என்று தினமும் அவளைக் குழாயடிக்கு அனுப்புவார். போய்க் கழுவிவிட்டு அதே கையோடு வந்து நிற்பாள். "ஏன்டி, முந்திரிப் பாலுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "சொன்னா மட்டும் போயிடுமா?" என்றாள்.

மிஸ்ஸைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா இல்லாத பிள்ளை என்று எனக்குத் தன் டிபன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதம் எடுத்து வைத்தவர் அவர்தான். பின்னல் அவிழ்ந்தால் பின்னிவிடுவார். அந்தக் கை தலையில் பட்டால் அசையாமல் நிற்பேன். அவர் என்ன சொன்னாலும் செய்ய நான் தயாராக இருந்தேன்.

அவர் உலக நாகரிகங்கள் பாடம் நடத்தியதை நினைத்துப் பாருங்கள். எகிப்தில் தொடங்குவார். பாபிலோனில் ஒரு நாள். கிரேக்கத்துக்கு வந்தால் ஒரு வாரம் நகரமாட்டார். ரோம், அப்புறம் இருண்ட காலம், அப்புறம் மறுமலர்ச்சி, நீராவி இன்ஜின். இருண்ட காலம் யாருக்கு இருண்டது என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை. சிந்து சமவெளி எங்கே மிஸ் என்று நம் லீடர் ஒரு தடவை கேட்டார். "அது இந்திய வரலாறுப்பா, வேற புக். இது உலகம்" என்றார். சரி என்று எழுதிக்கொண்டோம். உலகம் வேறு புத்தகம், நாம் வேறு புத்தகம்.

மார்கழியில் கண்காட்சி அறிவித்தார்கள். புது மிஷினைப் பூட்ட வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர்தான் தலைமை விருந்தாளி. 'நாகரிகத்தின் வளர்ச்சி' என்ற தலைப்பை மிஸ் எனக்குக் கொடுத்தார். எல்லோரும் சார்ட் எழுதினால் நான் என்ன செய்வது என்று முழித்தேன். அப்பாதான் சொன்னார்.

"மைன்ஸ் மாதிரியே செய்யேன். வெட்டின பக்கத்தைப் பாத்தா அடுக்கு அடுக்கா தெரியும் இல்ல? பழசு அடியில, புதுசு மேல."

"அப்போ கரிக்கு மேல இருக்கிறது?"

"அது எல்லாமே ஓவர்பர்டன்தாம்மா. அதால ஒண்ணும் பிரயோஜனமில்ல. பெல்ட்டுல ஏத்தி அந்தாண்ட கொட்டிடுவோம்."

நம் ஊரில் எல்லா வீட்டிலும் புழங்கிய சொல் அது. நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணெல்லாம் ஓவர்பர்டன். அந்த மண்ணில் வயல் இருந்ததா, வீடு இருந்ததா என்றெல்லாம் அந்தச் சொல்லுக்குத் தெரியாது. அதைத் தினமும் எட்டு மணி நேரம் வாரிக் கொட்டின சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டேன்.

அப்பா ஒர்க்ஷாப் ஆள் ஒருவரிடம் சொல்லி, கண்ணாடித் துண்டுகளைப் பட்டி வைத்து ஒட்டித் தொட்டி செய்து தந்தார். அம்மா இல்லாததால் அந்த மார்கழியில் எங்கள் வாசலில் கோலமே கிடையாது. அவளுடைய கலர்பொடி டப்பாக்கள் அப்படியே இருந்தன. சனிக்கிழமை என் தோழி வந்தாள். அப்பா முதல் ஷிப்ட் போயிருந்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் மணல் சலிக்க, நான் கலர் கலந்தேன். எகிப்துக்கு மஞ்சள். பாபிலோனுக்குச் சாக்பீஸ் வெள்ளை. கிரேக்கத்துக்கு நீலம். ரோமுக்கு ஊதா. இருண்ட காலத்துக்கு அப்பா கொண்டுவந்த நிலக்கரித் தூள். மறுமலர்ச்சிக்குப் பச்சை, இங்கிலாந்துக்கு ரோஸ். எல்லாவற்றுக்கும் உச்சியில் தீப்பெட்டியும் பல்சக்கரமும் வைத்து நம் ஊர் மிஷின். நம் ஊர் எங்கே தொடங்குகிறது என்றால், அந்த மிஷின் கப்பலிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு. அப்படித்தான் அடுக்கினேன், அழகாகவும் இருந்தது.

அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்க ஊரு எதுல வருது?"

"உங்க ஊரா? அது ஓவர்பர்டன்டி."

கேலிக்காகச் சொல்லவில்லை. அப்பா சொன்னதைத்தான் சொன்னேன். கரிக்கு மேலே இருப்பது ஓவர்பர்டன், அவள் ஊர் கரிக்கு மேலேதான் இருந்தது. பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்துவிட்டது.

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "ஓவர்பர்டன்னா கொட்டிடுறதுதான?"

"ஆமா."

"எங்கம்மா அங்கதான் என்னப் பெத்துது."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னாள். மறுபடி சல்லடையை எடுத்துச் சலித்தாள்.

மறுநாள் மத்தியானம் அவளே வந்தாள், கையில் ஒரு மூடி போட்ட டப்பா. உள்ளே செம்மண், ஈரமாக. அதில் விரல் நீளத்துக்கு ஒரு பானை ஓடு, உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. கை வைத்தால் வழுவழுவென்று இருந்தது.

"எங்க கொல்லையில இன்னும் கொஞ்சம் பாக்கி கீது. வேலி போட்டுட்டாங்க. எங்கப்பா ஷிப்ட் முடிஞ்சு வரசொல்ல அள்ளிகினு வந்தாரு."

"இந்த ஓடு?"

"அங்க கெணறு வெட்டசொல்ல, ரொம்ப அடியில பெரிய பெரிய பானையா வந்துதாம். உள்ளார எலும்பு, குட்டிக் கலயம் எல்லாம் இருந்துதாம். பயந்துகினு கற்பூரம் கொளுத்திக் கும்புட்டுட்டு மூடிட்டாங்களாம். எங்கப்பா ஒரு ஓடு மட்டும் எடுத்து வச்சிகினு இருந்தாரு."

"யாரோட பானைடி அது?"

என்னை அசடு மாதிரி பார்த்தாள். "எங்களோடதுதான். வேற யாரு வந்து எங்க கொல்லையில பொதைப்பாங்க? அடியில இருந்துதுன்னு எங்கப்பா சொன்னாரு இல்ல, நீயும் அடியில போடு."

எனக்குச் சரி என்று பட்டது. இடது மூலையில் மணலைக் கரண்டியால் அள்ளி எடுத்தோம். எகிப்துக்கும் கீழே அவள் செம்மண்ணைக் கொட்டி, பானை ஓட்டைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் அழுத்தி வைத்தாள். மேலே எல்லா நிறத்தையும் மறுபடி வரிசையாகப் போட்டோம். ரோம் கொஞ்சம் கோணலாகிவிட்டது. அதைப் பார்த்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் பாவாடை மடிப்பில் முடிந்து கொண்டுவந்த உடைசல் முந்திரியைத் தின்றோம். அந்த மூன்று மாதத்தில் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை தொட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடியில இது என்ன செம்மண்ணு?"

நான் உற்சாகமாகக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எகிப்துக்குக் கீழயா? நீயே யோசி கண்ணு. உலகமே படிக்கிற சரித்திரத்தை நாம மாத்தி எழுத முடியுமா? சிந்து சமவெளியையே நான் இதுல வைக்கச் சொல்லல. யாரோ வீட்டுக் கொல்லைப் பானையை வச்சா வர்றவர் சிரிப்பார். எடுத்துடு." பிறகு என் தலையில் கை வைத்தார். "உனக்குப் பிரைஸ் வரணும்னுதான் சொல்றேன்."

அந்தக் கை தலையில் இருக்கும்போது நான் எப்படி மாட்டேன் என்பேன்? எடுத்துவிட்டேன். கரண்டி கரண்டியாக அள்ளி டப்பாவில் போட்டு, வேலியோரம் போய்க் கொட்டினேன். பானை ஓட்டை மட்டும் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். ஆனால் ஈர மண் கண்ணாடியின் உள்பக்கம் அப்பியிருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தீற்றல். எகிப்து மணலை மேலே தள்ளிய பிறகு கை அங்கே போகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குப் பதிலாக மிஸ்ஸிடம் கெஞ்சி அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். எங்கள் மேசை மாடிப்படிக்குக் கீழே இருட்டான மூலையில் இருந்தது. நிறங்கள் தெரிய ஒருவர் பக்கத்தில் குத்தவைத்து டார்ச் அடிக்க வேண்டும். "கை மட்டும் வெளியே தெரியாம பார்த்துக்க" என்று மிஸ் சொல்லி ஒப்புக்கொண்டார்.

கண்காட்சி அன்றைக்கு அவள் தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து, கஞ்சி போட்ட தாவணி மாதிரி விறைப்பாக வந்தாள். மேசைக்கு இடது பக்கம் உட்கார்ந்து டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் அந்த மூலையில்தான் விழுந்தது. மண் இல்லை. ஓடு இல்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சட்டையில் குத்தியிருந்த ரிப்பன் பூவைச் சரிசெய்தேன்.

அதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார். பின்னால் மிஸ், ஹெட்மாஸ்டர், போட்டோக்காரர். நான் மனப்பாடம் செய்த இங்கிலீஷை ஒப்பித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே எகிப்து, கிரேக்கம் எல்லாவற்றையும் தாண்டி, முழங்காலை மடித்துக் குனிந்தார். அந்தச் சிவப்புத் தீற்றல் மேல் விரலை வைத்தார்.

"இங்கே அடியில் இருப்பது என்ன?" என்று நிதானமான இங்கிலீஷில் கேட்டார்.

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மண் அடுக்கு பார்த்தே பிழைப்பவர், அடியில் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார். அது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு மிஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"டர்ட், சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி கைக்குட்டையை எடுத்து வெளிப்பக்கம் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. அப்போது எடுத்ததுதான் அந்தப் படம்.

டார்ச் வெளிச்சம் ஆடவேயில்லை. அவள் எழுந்து போயிருக்கலாம், டார்ச்சைப் போட்டு உடைத்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தாளே, அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

முதல் பரிசு எனக்கு. கனமான வெளிநாட்டுப் புத்தகம், வழவழத் தாளில் கை உடைந்த சிலைகள். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா நைட் ஷிப்ட் முடித்துப் போர்வைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில், இரண்டு பேரும் மணல் சலித்த இடத்தில், தனியாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். காட்டுவதற்கு ஆள் இல்லை. காட்ட வேண்டும் என்று தோன்றியதும் அவள் ஒருத்தியிடம்தான்.

மறுநாள் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. இடைவேளையில் நானே போய், "பிரைஸ் புக்கு பாக்கிறியா?" என்று நீட்டினேன்.

"வேணாம்" என்றாள். "என் கை அழுக்கு."

அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. வருஷக் கடைசியில் அவர்கள் வேறு எங்கோ வீடு மாறிப் போனார்கள். அம்மா திரும்பி வந்தாள், வாசலில் கோலம் வந்தது, நான் மறுபடி கொலுசோடு வீட்டுக்குள் நடந்தேன். ஆனாலும் அம்மா இல்லாத நாட்களை விட அதிகமாகத் தனியாக உணர்ந்தேன். அம்மா போனது என்னால் இல்லை, இவள் போனது என்னால்தான். அந்த ஓடு ஜாமெட்ரி பாக்ஸோடு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை. பரிசுப் புத்தகம் மட்டும் கரையான்கூட அரிக்காமல் பரணில் இருக்கிறது.

பிறகு நானும் ஹிஸ்டரி டீச்சர் ஆனேன், உங்களுக்குத் தெரியும். அதே எகிப்து, அதே கிரேக்கம், அதே வரிசை. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தத் தொட்டியைத்தான் வார்த்தையில் அடுக்கிக் காட்டினேன். கைகழுவிவிட்டு வா என்று யாரையும் அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது நீங்கள் காலையில் எழுந்ததும் பார்வர்ட் செய்கிறீர்கள், அங்கே முதுமக்கள் தாழி கிடைத்தது, இங்கே கருப்பு சிவப்புப் பானை கிடைத்தது, உலகத்துக்கே நாம்தான் முன்னோடி என்று. வேண்டாம் என்று சொல்லவில்லை, பெருமைப்படுங்கள். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. உலகத்தில் முதல் என்று எழுதச் சொல்லவில்லை. அடியில் இருந்ததை அடியில் வை என்றாள். அவள் அப்பா அதை எட்டி உதைக்காமல் ஷிப்ட் முடிந்த களைப்பிலும் அள்ளிக்கொண்டு வந்தார். அதைக் கொண்டுபோய் வேலியோரம் கொட்டியவள் நான். எந்த வெள்ளைக்காரனும் இல்லை.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கம்மாபுரம் பக்கத்து ஆட்கள் யாராவது உங்களுக்குப் பழக்கம் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் என் நம்பரைக் கொடுங்கள், அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

படத்தைப் பற்றிக் கேட்டவருக்கு என் பதில் இது. அந்த விரலில் இருப்பது அழுக்கு இல்லை, முந்திரிக்கொட்டைப் பால் சுட்ட கருப்பு. அந்த விரலுக்கு நேர் எதிரே, கண்ணாடியின் அடியில், எகிப்துக்கும் கீழே, சின்னதாக ஒரு கறை தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அதுவும் அழுக்கு இல்லை, சார். அது அவள் ஊர்.